கடல்மீன் தொட்டிக்கும் கலுங்கு வேண்டும்

இராமநாதபுரம் மாவட்டத்து விவசாயிக்குக் கண்மாயைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. வரத்துக் கால், கரை, மடை, கலுங்கு ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் கண்மாய் நிற்கும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் பெற்ற இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயானாலும், ஊருக்குப் பின்னால் உள்ள சிறு ஏந்தலானாலும் இதுவே விதி. வரும் நீர் அதிகமாகிப் போக வழியில்லாவிட்டால் கரை உடையும். மடை திறந்தே கிடந்தால் கண்மாய் வற்றும்.

வீட்டுத் திண்ணையில் வைக்கும் கடல்மீன் தொட்டிக்கும் இதே விதிதான். அளவு மட்டுமே சிறியது.

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதியில் கடல் அலங்கார மீன் வளர்ப்பை உபதொழிலாகச் செய்ய விரும்பும் குடும்பங்கள் உள்ளன. மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் முடிந்தபின் வருமானமின்றி இருக்கும் மாதங்களுக்கு இது பொருத்தமான தொழில். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல நிலையம், கோமாளி மீன் முதலான அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. அப்படிப் பொரித்த குஞ்சுகளை வாங்கி, இரண்டு மூன்று மாதம் வளர்த்து விற்பதே சிறு விவசாயிக்கு ஏற்ற முறையாகும். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். தொட்டியில் பிறந்த குஞ்சுகள் அது இல்லாமலே நன்கு வளரும்.

இத்தொழிலில் மீன்கள் நோயால் மட்டும் சாவதில்லை. குழாய் தவறாகப் பொருத்தப்பட்டதால் ஒரே இரவில் எல்லா மீன்களையும் இழக்க நேரிடலாம். எனவே குஞ்சு வாங்குவதற்கு முன் குழாய் வேலையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு தொட்டி எதற்கு?

மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. நிலத்தில் இடும் யூரியா முதலில் அமோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, முடிவில் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவார்கள். அந்த மாற்றத்தைச் செய்வது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள். மீன் தொட்டியிலும் இதே வகை நுண்ணுயிர்களே வேலை செய்ய வேண்டும். அவை ஒட்டி வாழப் பரப்பும், ஓயாமல் ஓடும் நீரும், காற்றும் தேவை.

இதற்காகவே மீன் இருக்கும் மேல்தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைக்கப்படுகிறது. கடைக்காரர்கள் இதை 'சம்ப்' என்பார்கள். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கு வடிகட்டப்பட்டு, நுண்ணுயிர்ப் பரப்பில் ஓடி, கடைசியில் மோட்டார் மூலம் மீண்டும் மேலே ஏறும். மேல்தொட்டியின் நீர்மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். நீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலமும் முதலில் வழிந்து போய்விடும். மொத்த நீரின் அளவு கூடுவதால் உப்பும் வெப்பமும் திடீரென்று மாறா.

அளவுகள்

ஒரு குடும்பம் தொடங்குவதற்கு ஏற்ற அளவுகளை எடுத்துக்கொள்வோம்.

மேல்தொட்டி: நீளம் 90 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. கண்ணாடி 8 மி.மீ. கனம் இருப்பது நல்லது. இதில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது ஏறக்குறைய 4 லிட்டர். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்படுவன எல்லாம் இதைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன.

கீழ்த்தொட்டி: நீளம் 75 செ.மீ., அகலம் 40 செ.மீ., உயரம் 40 செ.மீ. முழுக் கொள்ளளவு 120 லிட்டர். இதைத் தடுப்புக் கண்ணாடிகளால் 25 செ.மீ. நீளமுள்ள மூன்று அறைகளாகப் பிரிக்க வேண்டும். முதல் தடுப்பு 22 செ.மீ. உயரமும் இரண்டாவது தடுப்பு 20 செ.மீ. உயரமும் இருக்கட்டும்.

முதல் அறையில் வடிகுழாய் இறங்கும். அதன் வாயில் துணிப்பை கட்டினால் தீனித் துகளும் கழிவும் தங்கும். இரண்டாவது அறை நுண்ணுயிர்களுக்கு உரியது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் உருண்டைகளையோ, நன்கு கழுவிக் காயவைத்த மட்டி ஓடுகளையோ இதில் நிரப்பலாம். நுரை பிரிக்கும் கருவியையும் இங்கேயே வைக்கலாம். இதை 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்று கேட்டு வாங்க வேண்டும். நுண்ணிய காற்றுக் குமிழ்களில் அழுக்கு ஒட்டி நுரையாகி மேலே தனிக் கிண்ணத்தில் சேரும். மூன்றாவது அறையில் மோட்டார் இருக்கும். இங்கு நீர் 18 செ.மீ. நிற்கட்டும்.

இவ்வாறு அமைத்தால் கீழ்த்தொட்டியில் ஓட்டத்தின்போது 60 லிட்டர் நீர் இருக்கும். மீதி 60 லிட்டர் இடம் காலியாக இருக்கும். இந்தக் காலி இடத்தைக் கண்டு 'வீணாகக் கிடக்கிறதே' என்று நீரை நிரப்பிவிடக் கூடாது. மின்சாரம் நின்றவுடன் மேலிருந்து இறங்கும் நீருக்கு அதுவே இடம்.

பவளக்கல் வேண்டாம்

வடிகட்டும் அறையில் போடுவதற்குக் கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுத்துவரும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது சட்டப்படி குற்றம். 2001-ஆம் ஆண்டு பவளங்கள், கடற்குதிரை, கடல் அட்டை முதலியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. இறந்த பவளமானாலும் எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கிருந்து மீன் குஞ்சோ கல்லோ எடுத்துவந்து தொழில் தொடங்கினால், தொழிலோடு மானமும் போகும். பொரிப்பகத்துக் குஞ்சே போதுமானது. அது தொட்டி நீருக்கும் கையால் இடும் தீனிக்கும் பழகியது.

கலுங்குப் பெட்டி

மேல்தொட்டியின் பின்மூலையில் 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு கண்ணாடிப் பெட்டியை அடிக்கண்ணாடியோடு சேர்த்து ஒட்ட வேண்டும். இதன் மேல்விளிம்பு அடியிலிருந்து 39 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இதுவே தொட்டியின் கலுங்கு. நீர் இந்த விளிம்பைத் தாண்டி பெட்டிக்குள் விழும். பெட்டியின் அடியில் உள்ள துளை வழியே கீழே போகும்.

கலுங்கு நீளமாக இருந்தால் நீர் மெல்லிய தகடாக வழியும். குறுகினால் மட்டம் ஏறும். இந்தப் பெட்டியின் இரு பக்கமும் சேர்ந்து 35 செ.மீ. நீளம் கிடைக்கிறது. இங்கு சொல்லும் ஓட்டத்துக்கு இது போதும். சீப்புப் பல் வைத்த பிறகும் மட்டம் விளிம்புக்கு மேல் சுமார் ஒரு செ.மீ. தான் ஏறும். அதாவது, ஓட்டத்தின்போது மேல்தொட்டி நீர் 40 செ.மீ. உயரத்தில் நிற்கும். தொட்டியின் வாய்க்கு இன்னும் 5 செ.மீ. இருக்கும்.

விளிம்பில் சீப்புப் பல் போன்ற பிளாஸ்டிக் தடுப்பு அவசியம். வயலில் மடைவாயில் பரி வைக்காவிட்டால் மீன் எல்லாம் ஓடிப்போவது போல, இங்கும் ஓரங்குலக் குஞ்சுகள் நீரோடு பெட்டிக்குள் போய்விடும். பல் இடைவெளி 3 மி.மீ. இருந்தால் போதும். குஞ்சு மிகச் சிறியதானால் அதன்மேல் நைலான் வலையும் கட்டலாம். ஆனால் வலையைத் தினமும் துலக்க வேண்டும்.

துளையிடும் வேலையைக் கண்ணாடிக் கடையிலேயே, தொட்டியை ஒட்டும் முன் செய்துகொள்ள வேண்டும். வைரப்பொடி பதித்த வட்ட வெட்டியால், தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். 'டஃபன்' எனப்படும் கடினமாக்கிய கண்ணாடியில் துளை போட இயலாது. தொட்டவுடன் பொடிப்பொடியாகச் சிதறும். ஒட்டும் சிலிக்கான் பசை பூஞ்சாணத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும்.

துளை போட அஞ்சி, தொட்டி விளிம்பில் மாட்டும் உறிஞ்சுகுழாய்ப் பெட்டியைச் சிலர் வாங்குகின்றனர். உறிஞ்சுகுழாயில் காற்று புகுந்துவிட்டால் நீர் இறங்குவது நின்றுபோகும்; மோட்டார் மட்டும் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். இது கலுங்கு இல்லாத கண்மாய்க்குச் சமம். ஆளில்லாத நேரத்தில் இதை நம்பக் கூடாது.

வடிகுழாய் இரண்டு

கலுங்குப் பெட்டியின் அடியில் இரண்டு துளைகள் வேண்டும். இரண்டிலும் பிளாஸ்டிக் 'டேங்க் நிப்பிள்' பொருத்தி, ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் இறக்க வேண்டும்.

முதல் குழாய் அன்றாட வடிகால். இது பெட்டிக்குள் நின்றபடி மேலே எழும்பி, உச்சியில் ஒரு 'டீ' இணைப்புடன் முடியும். 'டீ'யின் பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ ஒன்றை மாட்ட வேண்டும். நீர் 35 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி இதன் உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். 'டீ'யின் மேல்வாயை மூடியால் அடைத்து, மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை போட வேண்டும். இந்தத் துளை இல்லாவிட்டால் குழாய் நிரம்பி நீரை வேகமாக இழுக்கும், பிறகு காற்றை விழுங்கிக் கடகடவென்று ஓசை எழுப்பும், மறுபடி நிரம்பும். நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் ஊசித்துளை அளவு போட்டு, ஓசை அடங்கும்வரை சிறிது சிறிதாகப் பெரிதாக்கவும்.

இரண்டாவது குழாய் காப்புக் குழாய். இதன் திறந்த வாய் பெட்டிக்குள் 37 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சாதாரண நாளில் இதில் ஒரு சொட்டு நீரும் போகாது. முதல் குழாயில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்ட அன்று, பெட்டியில் நீர் ஏறி இதன் வழியே போகும். இதில் ஓசை கேட்டால் முதல் குழாயைப் பார்க்க வேண்டும் என்று பொருள். 'சும்மா இருக்கும் குழாய்க்கு ஏன் செலவு?' என்று இதைத் தவிர்க்கக் கூடாது. கலுங்கும் ஆண்டில் பல மாதம் சும்மா இருப்பதுதான்.

வடிகுழாய் எதிலும் வால்வு வைக்கக் கூடாது. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் மோட்டாரிலிருந்து மேலேறும் குழாயில் வால்வு வைத்துக் குறைக்கலாம். வரத்தை அடக்கலாம், போக்கை அடைக்கக் கூடாது.

குழாய் சாய்வாகவோ செங்குத்தாகவோ இறங்க வேண்டும். படுக்கையாக ஓடக் கூடாது. கீழ்த்தொட்டியில் குழாயின் முனை நீருக்குள் 2 செ.மீ. மட்டும் அமிழ்ந்திருக்கட்டும். அதிகம் அமிழ்ந்தால் காற்று வெளியேற வழியின்றி விட்டுவிட்டுப் பொங்கும்.

மோட்டாரும் ஏற்றுக்குழாயும்

மேல்தொட்டி நீர் மணிக்கு ஐந்து முறை மாறினால் போதும். 160 லிட்டருக்கு மணிக்கு 800 லிட்டர் ஓட்டம் வேண்டும். மோட்டார்ப் பெட்டியில் அச்சிட்ட அளவு, உயரமே ஏற்றாதபோது தரும் அளவு. நாலைந்தடி ஏற்றும்போது அது வெகுவாகக் குறையும். எனவே 1,500 முதல் 2,000 லிட்டர் என்று போட்ட மூழ்கு மோட்டார் வாங்கி, வால்வால் அளவு செய்துகொள்ளலாம். அளக்க வாளியே போதும். மேலேறும் நீரில் 10 லிட்டர் வாளி 45 விநாடியில் நிறைந்தால் அது மணிக்கு 800 லிட்டர்.

காற்றுக் குளிர்விப்பானுக்கு உரிய மலிவு மோட்டாரைக் கடல்நீரில் போடக் கூடாது. அதன் இரும்புத் தண்டு துருப்பிடிக்கும். பீங்கான் தண்டு உள்ளதா என்று கேட்டு வாங்கவும். குழாய் வழியில் எங்கும் இரும்பு, பித்தளை, செம்பு கூடாது. செம்பு கடல் உயிர்களுக்கு நஞ்சு.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறு செய்கின்றனர். ஏற்றுக்குழாயின் முனையை நீருக்குள் ஆழமாக இறக்கினால் ஓட்டம் அழகாக இருக்கும் என்று எண்ணி, 20 செ.மீ. ஆழத்தில் வைத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு மின்சாரம் நிற்கிறது. மோட்டார் நின்றதும், அதே குழாய் உறிஞ்சுகுழாயாக மாறி மேல்நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். முனையில் காற்று புகும்வரை இழுக்கும். 20 செ.மீ. நீர் என்றால் 80 லிட்டர். கீழ்த்தொட்டியில் இருப்பதோ 60 லிட்டர் இடம். மீதி 20 லிட்டர் கடல்நீர் வீட்டுத் தரையில் ஓடும்.

கேடு அத்தோடு முடியாது. மின்சாரம் திரும்பியதும் மோட்டார் ஓடும். கீழ்த்தொட்டியின் 120 லிட்டரில், தடுப்புகளுக்குப் பின்னால் முதல் இரண்டு அறைகளில் 42 லிட்டர் தங்கிவிடும். மோட்டார் அறையின் அடியில் 5 லிட்டர் எட்டாது. மேலே போகக்கூடியது 73 லிட்டரே. மேல்தொட்டி கலுங்கு மட்டத்தைத் தொடாது. ஆகவே நீர் திரும்பி இறங்காது. மோட்டார் அறை வறண்டு, மோட்டார் காய்ந்து சுழன்று கருகும். விடியும்போது நீர் ஓட்டம் இல்லை, காற்று இல்லை, மீனும் இல்லை என்ற நிலை ஏற்படும். இதற்குக் காரணம் குழாய் முனை ஒரு சாண் கீழே இருந்தது ஒன்றே.

சரியான முறை எளியது. ஏற்றுக்குழாயின் முனையை ஓட்ட மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே மட்டும் வைக்க வேண்டும். அப்போது மின்சாரம் நின்றால் 8 லிட்டரும், பெட்டியிலும் குழாயிலும் உள்ள சில லிட்டரும் மட்டுமே இறங்கும். 60 லிட்டர் இடத்தில் இது எளிதாக அடங்கும்.

குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட்டும் உறிஞ்சலை நிறுத்தலாம். ஆனால் பாசி அத்துளையை அடைக்கும். வாரந்தோறும் குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்புவதும் தவறு. ஒரு மணல் துகள் சிக்கினால் வால்வு மூடாது.

இரண்டு வடிகுழாயும் ஒருங்கே அடைபட்டால்? அதற்கும் கணக்கு உண்டு. மோட்டார் அறையில் ஒரு செ.மீ. நீர் ஒரு லிட்டர். 18 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. வரை 13 லிட்டர்தான் மேலே ஏற முடியும். மேல்தொட்டி மட்டம் மூன்றேகால் செ.மீ. ஏறி 43 செ.மீ.யைச் சற்றுத் தாண்டி நிற்கும். தொட்டி 45 செ.மீ. உயரமாதலால் வழியாது. மோட்டார் அறையைச் சிறியதாக வைப்பதன் பயன் இதுவே.

நல்ல தண்ணீரில் சோதனை

உப்புநீர் ஊற்றும் முன் நல்ல தண்ணீரில் சோதித்துப் பார்க்க வேண்டும். கசிந்தாலும் சேதமில்லை.

1. தொட்டி இருக்கும் மேசை மட்டமாக உள்ளதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கவும். மேல்தொட்டி நீர் மட்டுமே 160 கிலோவுக்கு மேல் கனக்கும். கடற்கரைக் காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். வைரம் பாய்ந்த பனங்கட்டையோ சிமெண்டுக் கல்லோ நல்லது.

2. மேல்தொட்டியைக் கலுங்கு மட்டம்வரை நிரப்பி, மோட்டாரை ஓட்டி, மோட்டார் அறையில் நீர் 18 செ.மீ. வரும்வரை ஊற்றவும். அந்த இடத்தில் கோடு போடவும். இது ஓட்டக் கோடு.

3. மோட்டாரை நிறுத்தவும். நீர் இறங்கி நின்ற இடத்தில், கீழ்த்தொட்டியில் இன்னொரு கோடு போடவும். தொட்டியின் வாய்க்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்க வேண்டும்.

4. மீண்டும் ஓட்டி, முதல் வடிகுழாயைத் துணியால் அடைக்கவும். காப்புக் குழாயில் நீர் போகிறதா என்று பார்க்கவும். பிறகு அதையும் அடைத்து, மேல்தொட்டி வழியாமல் நிற்கிறதா என்று பார்த்து, உடனே மோட்டாரை நிறுத்தவும்.

5. ஒவ்வொரு இணைப்பின் கீழும் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு நாள் முழுதும் ஓட்டவும். ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாள் காட்டிவிடும்.

மின் இணைப்பு

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே இதில் அலட்சியம் ஆகாது. தொட்டிக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான் கட்டாயம் வைக்க வேண்டும். பிளக்குப் பலகை தொட்டிக்குப் பக்கவாட்டில், உயரத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்கை அடைவதற்கு முன் கீழே தொங்கி மேலேற வேண்டும்; ஒயர் வழியே வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கையை நீரில் விடும் முன் இணைப்பைத் துண்டிக்கவும்.

மின்வெட்டின்போது மீனுக்குக் காற்று வேண்டும். பாட்டரியில் ஓடும் சிறு காற்றுக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது, மீன் வாங்குவதற்கு முந்திய செலவாக இருக்கட்டும்.

கடல்நீரும் மழைநீரும்

இராமேசுவரம் பகுதி மக்கள் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவக் காலத்தில் பெண் கடல் கலங்கும்; தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் கொந்தளிக்கும். எந்தப் பக்கம் தெளிந்திருக்கிறதோ அங்கே நீர் எடுக்கலாம். பெருமழைக்குப் பின் உப்பு குறைந்திருக்கும். சில நாள் பொறுத்து எடுக்கவும். படகுத்துறை அருகே எடுக்கக் கூடாது. எடுத்த நீரை மணலிலும் துணியிலும் வடித்து, மூடிய தொட்டியில் ஒரு வாரம் தெளியவிட்டுப் பயன்படுத்தவும். உப்பு ஆயிரத்துக்கு 32 முதல் 35 வரை இருக்கலாம். உப்பு அளவுமானி கையில் இருக்க வேண்டும்.

ஓட்டத்தில் நீர் ஆவியாகும்போது மேல்தொட்டி மட்டம் மாறாது. மோட்டார் அறையில் மட்டும் குறையும். தினமும் ஓட்டக் கோடுவரை நிரப்ப வேண்டும். அதற்குக் கடல்நீரை ஊற்றக் கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். நாளுக்கு 2 லிட்டர் கடல்நீர் ஊற்றினால் 70 கிராம் உப்புச் சேரும். பத்து நாளில் 700 கிராம். இரு தொட்டியிலும் உள்ள 220 லிட்டர் நீரில் உப்பு 35-லிருந்து 38-ஐத் தாண்டிவிடும். இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் உவர்நீரே உள்ளதால், ஐப்பசி, கார்த்திகையில் சேமித்த மழைநீரே இதற்குச் சிறந்தது.

பழுப்புநீர் எங்கே போகும்?

வாரம் 20 லிட்டர் பழைய நீரை எடுத்துப் புதிய கடல்நீர் ஊற்ற வேண்டும். எடுத்த நீரைக் கொல்லையில் கொட்டக் கூடாது. 20 லிட்டரில் 700 கிராம் உப்பு இருக்கிறது. ஓராண்டில் இது 36 கிலோவைத் தாண்டும். மிளகாய்ப் பாத்தியிலோ கிணற்றடியிலோ இவ்வளவு உப்பைக் கொட்டினால் மீனில் வந்த லாபம் மண்ணில் போகும். கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தள்ளி, ஏற்கெனவே உவரான இடத்தில் கொட்டவும். மீன் நோயுற்றிருந்தால் அந்நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்த பிறகே கொட்ட வேண்டும்.

மீன் விடும் முன்

தொட்டி தயாரானதும் மீன் விட அவசரப்படக் கூடாது. நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்நாட்களில் சிறிதளவு தீனியை மட்டும் இட்டு, மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சோதனை மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகு, முதலில் பத்துக் குஞ்சுகள் மட்டும் விடவும். இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் படிப்படியாகக் கூட்டலாம்.

தினமும்: இரு கோடுகளையும் பார்த்தல், மழைநீர் நிரப்புதல், சீப்புத் தடுப்பைத் துலக்குதல்.

வாரந்தோறும்: துணிப்பையை அலசுதல், 20 லிட்டர் நீர் மாற்றுதல், மோட்டாரை ஒருமுறை நிறுத்தி நீர் பழைய கோட்டிலேயே நிற்கிறதா என்று சரிபார்த்தல்.

மாதந்தோறும்: மோட்டாரைக் கழற்றிக் கழுவுதல், வடிகுழாயில் தூரிகை விடுதல், காப்புக் குழாயில் ஒரு வாளி நீர் ஊற்றிப் பார்த்தல்.

இரண்டாவது அறையில் உள்ள ஓடுகளை நல்ல தண்ணீரில் கழுவக் கூடாது, நுண்ணுயிர்கள் மடியும். தேவையானால் தொட்டியில் எடுத்த பழைய நீரிலேயே அலசவும்.

கடன் வாங்கி ஒரேயடியாகப் பத்துத் தொட்டி அமைப்பது அறிவுடைமை ஆகாது. ஒரு தொட்டியை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். குஞ்சு கிடைக்கும் காலம், வளர்ப்பு முறை பற்றி மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி மையத்திலும், பதிவு பற்றி மீன்வளத் துறை அலுவலகத்திலும், விற்பனை பற்றி அலங்கார மீன் வியாபாரிகளிடமும் நேரில் கேட்டறிந்த பிறகு அடுத்த தொட்டிக்குப் போகலாம்.

கண்மாயைக் காப்பவர் மழை வரும் முன்பே கலுங்கைப் பார்த்து வைப்பார். மீன் வளர்ப்பவரும் மின்சாரம் நிற்கும் முன்பே தம் குழாய்களைப் பார்த்து வைக்க வேண்டும்.